நள்ளிரவு மீனம்பாக்கம்

1896 ஆகஸ்ட் கடைசியில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையில் தனியாக ரயிலேறினான். கையில் 3 ரூபாய். திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். விழுப்புரத்திலேயே திருவண்ணாமலைக்கு வண்டி மாறலாம் என்று பெட்டியில் இருந்த மௌல்வி ஒருவர் சொன்னார். வழி சொன்னதோடு சரி, பிறகு அவரைக் காணோம்.

அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அவரைத் தேடி ரமணாசிரமத்துக்குத் தனியாக வரும் வெளிநாட்டவர் பலர் இறங்குவது சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், அதுவும் நள்ளிரவில். திருவண்ணாமலைக்கு விமான நிலையம் இல்லை. ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலைக்குக் காரில் சுமார் நான்கு மணி நேரம்.

நிலையத்துக்குள் கேமரா உண்டு, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை உண்டு. கவனமெல்லாம் வெளிவாசலுக்கும் முதல் வண்டிக்கும் நடுவே உள்ள பத்து நிமிடத்தில்தான் வேண்டும். தூக்கக் கலக்கம், உயிர் பெறாத சிம் கார்டு, கை நிறையப் பெட்டி. அப்போது ஒரு குரல்: “ஆசிரமமா? வாங்க, நம்ம வண்டிதான்.” ஆன்மிகப் பயணம் வருபவர்கள் நம்புவதற்குத் தயாராகவே வருகிறார்கள் என்பது என் எண்ணம். 2025 மார்ச்சில் திருவண்ணாமலை மலையில் பிரான்ஸ் நாட்டுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானவர், வழிகாட்டியாகக் கூட்டிச் சென்றவர்தான். அந்த மௌல்வி வழி மட்டும்தான் சொன்னார், கூட்டிப் போகவில்லை!

தங்குமிடத்தில் சொல்லி கார் வரவழைத்தால் வண்டி எண்ணையும் ஓட்டுநர் பெயரையும் விமானம் ஏறுமுன்பே வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் பிடித்து நிற்கும் அட்டையில் உங்கள் முழுப்பெயர் வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு உங்களிடம் பெயர் சொல்லிப் பேசலாம். “யாரை அழைக்க வந்தீர்கள்?” என்று நீங்கள் கேளுங்கள், பதில் அவர் சொல்லட்டும். மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். எண் பலகையைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவதை ஓட்டுநர் பார்த்தாலும் பரவாயில்லை, பார்ப்பதே நல்லது. கார் ஏற்பாடு இல்லையா? உள்ளேயே இருக்கும் ப்ரீபெய்டு டாக்ஸி கவுண்டரில் ரசீது வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

பேருந்தில் போகிறவர்கள் இப்போது கோயம்பேட்டுக்கு அலைய வேண்டாம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்தான் பக்கம். ஆனால் இருட்டில் கிளம்ப என்ன அவசரம்? வெளியே வந்துவிட்டால் டிக்கெட் இல்லாமல் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அதனால் வருகைக் கூடத்திலேயே ஒரு காப்பியோடு உட்கார்ந்துவிடுங்கள். விடிந்து புறப்பட்டால், திண்டிவனம் தாண்டியதும் செஞ்சிக் கோட்டையை நல்ல வெயிலில் பார்த்துக்கொண்டே போகலாம்.