மோகனத்துக்குள் ஈருறுப்புத் தேற்றம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1930-களில் ஒருபக்கம் டைகர் வரதாச்சாரியார் இசை கற்பித்தார். இன்னொரு பக்கம் எண் கோட்பாட்டு மேதை எஸ்.எஸ். பிள்ளை கணிதம் நடத்தினார். இந்த இரண்டு துறைகளுக்கும் பொதுவான ஒரு கணக்கு உண்டு.

கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்கள் ஏன் 72? சட்ஜமத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே நான்கு சுரத்தானங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தால் கீழே இருப்பது ரி, மேலே இருப்பது க. நான்கில் இரண்டைத் தேரும் வழிகள் 4×3÷2, அதாவது 6. த, நி-க்கும் அப்படியே 6. மத்திமம் இரண்டு வகை. 6×6×2 = 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த திட்டத்தின் எலும்புக்கூடு இந்தச் சேர்வுக் கணக்குதான்.

தாய் ராகங்களிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்களுக்கு வந்தால் ஈருறுப்புத் தேற்றமே கண்முன் நிற்கும். ச எப்போதும் உண்டு. மற்ற ஆறு சுரங்களில் ஒவ்வொன்றையும் பாடலாம், விடலாம். பாடினால் 'ப' (பஞ்சமம் அல்ல, வெறும் குறியீடு), விட்டால் 1 என்று எழுதினால், ஒரு சுரத்துக்கு (1+ப), ஆறுக்கும் (1+ப)⁶. இதை விரித்தால் கெழுக்கள் 1, 6, 15, 20, 15, 6, 1. ப⁴ வர வேண்டுமானால் ஆறு அடைப்புகளில் நான்கிலிருந்து 'ப'வை எடுக்க வேண்டும். அதற்கு வழிகள் 15. நான்கை எடுப்பதும் இரண்டை விடுவதும் ஒன்றே என்பதால் 6×5÷2 போட்டாலே போதும். ச-வையும் சேர்த்தால் ஐந்து சுர ஔடவ வரிசைகள் இந்தப் பதினைந்துதான். ஹரிகாம்போதி என்ற தாய் ராகத்தில் ம, நி-யை விட்டால் மோகனம்.

ஆறு சுர வரிசை 6, ஏழு சுர வரிசை 1. மொத்தம் 22. ஆரோகணம் (ஏறும் வரிசை), அவரோகணம் (இறங்கும் வரிசை) இரண்டுக்கும் 22×22 = 484; தாய் ராகத்தைக் கழித்தால் 483. எழுபத்திரண்டால் பெருக்கினால் 34,776. சுரங்கள் முன்பின்னாக வரும் வக்ர ராகங்கள் இதில் சேராது.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மோகனம் சங்கராபரணத்திலிருந்தும், கல்யாணியிலிருந்தும், வாசஸ்பதியிலிருந்தும் கிடைக்கும். ஒரே ராகம் நான்கு முறை எண்ணப்படுகிறது. ஆனாலும் கெழு என்றால் என்னவென்று காதால் உணர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பிளஸ் ஒன் கணித ஆசிரியர்களே, ஈருறுப்புத் தேற்றம் நடத்தும் நாளில் பாட்டு டீச்சரையும் வகுப்புக்கு அழையுங்கள்.