பிறர் இல்லத்தில் வளரும் பிள்ளை

பெற்றோரைப் பிரிந்த குழந்தையைத் தம் இல்லத்தில் வைத்து வளர்ப்போர் அனைவரும் தத்தெடுத்தவர் ஆகார். தத்துப் பிள்ளை சட்டத்தின் முன் அக்குடும்பத்தின் சொந்தப் பிள்ளையாகிவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பு என்பதோ வேறு. நோயோ, சிறைவாசமோ, கொடுமையோ காரணமாகப் பெற்றோருடன் வாழ இயலாத குழந்தையைச் சில காலத்திற்கு மற்றொரு குடும்பத்தில் ஒப்படைப்பதே அது. பெற்றோர் குழந்தையை வந்து பார்க்கலாம். அவர்கள் தகுதியுடையோர் ஆனபின் குழந்தை தன் வீட்டிற்கே திரும்பலாம்.

நமது நாட்டில் இதற்கு வழிவகுப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. ஒப்படைக்கும் அதிகாரம் மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவினுடையது. குழுவின் முன் முதலில் இரண்டு அறிக்கைகள் வருகின்றன: ஒன்று குழந்தையைப் பற்றியது, மற்றொன்று அதனை ஏற்க முன்வரும் இல்லத்தைப் பற்றியது. பின்னர்க் குழுவின் ஆணை. அதனை அடுத்து வளர்ப்போர் எழுதித் தரும் உறுதிமொழி. அதன்பின் குழந்தையின் பதிவேடு. இறுதியாக மாதந்தோறும் எழுதப்பட வேண்டிய பார்வை அறிக்கை.

அன்பு காட்டுவதற்கு இத்தனை தாள்கள் எதற்கு என்று மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் கூறும் விடை, பிரிட்டனில் வாழ்ந்து மறைந்த ஒரு சிறுவனின் வரலாறு ஆகும்.

டென்னிஸ் ஓநீல் என்ற அச்சிறுவனுக்கு வேல்ஸ் பகுதியிலுள்ள நியூபோர்ட் நகராட்சி பொறுப்பேற்றிருந்தது. 1944 ஜூன் மாதத்தில் நகராட்சி அவனைத் தொலைவிலுள்ள ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் ஒப்படைத்தது. சில நாட்களில் அவன் தம்பியும் அங்கே வந்து சேர்ந்தான். நகராட்சி அலுவலர் ஒருவர் அவர்களைச் சென்று பார்த்தது டிசம்பர் 20 அன்றுதான். பிள்ளைகளை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பரிந்துரை தாளில் இருந்தது. பிள்ளைகள் பண்ணையிலேயே இருந்தனர். 1945 ஜனவரி 9 அன்று, அடியும் பட்டினியும் தாங்காமல் டென்னிஸ் இறந்தான். அப்போது அவனுக்கு வயது 12.

நாடு பதறியது. சர் வால்டர் மாங்க்டன் விசாரணை நடத்தி அவ்வாண்டு மே மாதத்தில் அறிக்கை அளித்தார். மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழு 1946-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அதன் பயனாக 1948-இல் குழந்தைகள் சட்டம் பிறந்தது. உள்ளாட்சிகள் குழந்தைகளுக்கெனத் தனி அதிகாரியை அமர்த்த வேண்டும் என்று அது விதித்தது. இன்று இங்கிலாந்தில், ஒப்படைத்த ஒரு வாரத்திற்குள் குழந்தையைச் சென்று காண வேண்டும். முதல் ஆண்டில் ஆறு வாரத்திற்கு ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது விதி.

இவ்வரலாற்றை அறிந்தபின் நமது சட்டத்தின் தாள்களை மீண்டும் நோக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு வினா என்பது புலனாகும். இல்ல அறிக்கை, ‘இவர்கள் நாடுவது பிள்ளையையா, கூலியில்லாத வேலையாளையா?’ என்று கேட்கிறது. உறுதிமொழி, ‘கல்விக்கும் உணவுக்கும் உடல்நலத்திற்கும் யார் பொறுப்பு?’ என்று கேட்டு, வளர்ப்போரையே பொறுப்பாளராக்குகிறது. பதிவேடு, இன்றைய அலுவலர் மாறிச் சென்றாலும் அக்குழந்தை யார், அதன் உடன்பிறந்தார் எங்கே, அதற்கு என்ன நோய் என்பவற்றை அடுத்து வருபவர்க்கு உரைக்கிறது. மாதந்தோறும் குழு நேரிற் சென்று காணும் பார்வையோ, ‘குழந்தை இன்று எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறது. இந்த இறுதி வினாவைக் கேட்க மறந்தால் மற்றவை அனைத்தும் வெறுந்தாளே. கேட்டும், கிடைத்த விடைக்கு ஏற்ப உடனே செயலாற்றாவிட்டால் அதுவும் வெறுந்தாளே. டென்னிஸின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவேயாம்.

மாணவ நண்பர்களே! நாளை உங்களிற் சிலர் ஆசிரியராகவும், மருத்துவராகவும், அரசு அலுவலராகவும் இத்தகைய தாள்களில் கையொப்பமிடுவீர்கள். கையொப்பமிடுமுன் குழந்தையை நேரில் கண்டோமா, வளர்ப்போர் அருகில் இல்லாதபோது அதனோடு பேசினோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வாறு கேட்பவரின் கையில்தான் தாள், குழந்தைக்குக் காவலாகிறது.