பனியில் தப்பிய ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் ஊடே கஸ்கேட் மலைத்தொடர் நெடிது செல்கின்றது. 1893ஆம் ஆண்டிலே கிரேட் நோதர்ன் புகையிரதக் கம்பனி இம்மலையைத் தாண்டிச் சியாட்டில் நகருக்குப் பாதை அமைத்தது. ஏற்றம் மிகக் கடியது. ஆகவே, வண்டி முன்னோக்கிச் சென்றும் பின்னோக்கிச் சென்றும் படிப்படியாக மேலேறுமாறு தண்டவாளங்களை மடித்து மடித்து இட்டனர். 1900இல் 2.6 மைல் நீளமான சுரங்கம் திறக்கப்பட்ட பின்னரே இத்தொல்லை நீங்கிற்று. அச்சுரங்கத்தின் மேற்கு வாயிலில் அமைந்த சிற்றூரே வெலிங்டன்.

ஊர் என்றாலும் அங்கே வயலில்லை, சந்தையில்லை. நிலையமும், ஒரு விடுதியும், எஞ்சின் கொட்டகையும், தொழிலாளர் குடில்களுமே இருந்தன. புகையிரதம் இட்ட உணவே ஊரின் உணவு எனலாம்.

1910 பெப்ரவரி இறுதியில் பெரும் பனிப்புயல் வீசியது. கிழக்கிலிருந்து வந்த பயணிகள் வண்டியொன்றும் தபால் வண்டியொன்றும் மேற்கொண்டு இறங்க வழியின்றி வெலிங்டனில் நின்றன. பனியகற்றும் பொறிகளும் சிக்குண்டன. தந்திக் கம்பிகளும் அறுந்தன. மேலே நின்ற சரிவையோ முன்னரே காட்டுத்தீ மொட்டையாக்கியிருந்தது. பனியைத் தாங்க மரமில்லை. அச்சமுற்ற பயணிகள் சிலர் வண்டியைச் சுரங்கத்துள் இழுத்து வைக்குமாறு வேண்டினர். குளிரும் புகையும் அங்கே கொடியவை என்று அதிகாரிகள் இணங்கவில்லை. சிலர் துணிந்து பனியில் நடந்தே கீழிறங்கிப் பிழைத்தனர்.

மார்ச் 1ஆந் திகதி நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின், இடிமின்னலுக்கிடையே பனிமலை சரிந்தது. இரு வண்டிகளும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வீசப்பட்டன. 96 பேர் மாண்டனர். கடைசிச் சடலம் கோடையில், பனி உருகிய பின்னரே கிடைத்தது. ஆயினும் அருகே நின்ற விடுதியைப் பனி தொடவேயில்லை!

ஊர் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. அந்த ஆண்டிலேயே அவ்வூருக்கு ‘டை’ என்று பெயர் மாற்றினர். வெலிங்டன் என்றால் பயணிகள் அஞ்சுவர் என்பதை ஊகிப்பது கடினமன்று. தண்டவாளத்தின் மேல் கொங்கிரீட்டுக் கூரைகளும் எழுந்தன. ஆனால், எத்துணைக் கூரையிட்டாலும் அந்த உயரத்திலே பனியுடன் போராடுவது பெருஞ்செலவு. எனவே கம்பனி சுமார் 500 அடி தாழ்வாக, 7.8 மைல் நீளமான புதிய சுரங்கத்தைக் குடைந்தது. 1929 ஜனவரி 12ஆந் திகதி அது திறக்கப்பட்டதும் பழைய பாதை கைவிடப்பட்டது. வண்டி வராத ஊரில் யாருக்கு என்ன வேலை? பனியால் அழியாத ஊர் ஒரு சுரங்கத்தால் அழிந்தது.

தண்டவாளம் கிடந்த தடம் இன்று நடைபாதையாகியுள்ளது. அதன் ஓரத்தே கொங்கிரீட்டுக் கூரையொன்று இன்னும் நிற்கின்றது.