கறுப்பு வெள்ளை டி.வி.க்குத் தனி ரேட்டு! தெரியுமா?

பிரிட்டனில் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்க ஆண்டுதோறும் லைசென்ஸ் வாங்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால், அதில் கறுப்பு வெள்ளைக்கு இன்னும் தனிக் கட்டணம் இருப்பது தெரியுமா? 2025 ஏப்ரல் கணக்குப்படி கலருக்கு 174.50 பவுண்டு, கறுப்பு வெள்ளைக்கு வெறும் 58.50! பார்வையற்றவர்கள் பாதிப் பணம் கட்டினால் போதும். பாதிதான், முழு விலக்கு இல்லை! 'படம் தெரியாவிட்டால் என்ன, சத்தம் கேட்கிறதே' என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ!

1922இல் ரேடியோவுக்கு 10 ஷில்லிங் என்று ஆரம்பித்த வசூல் இது. 1946இல் டி.வி.க்கும் வந்தது, 2 பவுண்டு. லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்த்து மாட்டினால் இன்றைக்கு 1,000 பவுண்டு வரை அபராதம். அதற்குப் பதிலாக, உள்நாட்டு பி.பி.சி. சேனல்களில் மருந்துக்குக்கூட விளம்பரம் கிடையாது.

சரி, பூட்டிய கதவுக்குப் பின்னால் டி.வி. ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்கென்றே 1952இல் வேன்களைத் தெருவில் இறக்கினார்கள்! பழைய பிக்சர் டியூப் டி.வி.யில் திரையின் மேல் எலெக்ட்ரான் கற்றையை வரிவரியாக ஓட்டுகிற கம்பிச்சுருளிலிருந்து காந்தப்புலம் கசியும். கூரையில் பொருத்திய ஏரியலால் வேன் அதை மோப்பம் பிடித்துவிடும். ஆனால் ஒன்று, வேன் பிடித்ததைவிட வேனைப் பற்றிய பயம் வசூலித்ததுதான் அதிகம் என்பது என் கட்சி. 'உங்கள் ஊருக்கு வேன் வருகிறது' என்று விளம்பரம் செய்தால் போதும், ஜனங்கள் தபால் ஆபீஸுக்கு ஓடினார்கள். அதிகாரிகள் கையில் இருந்த உண்மையான ஆயுதம், எந்த முகவரியில் லைசென்ஸ் இல்லை என்று சொல்லும் பட்டியல்தான்!

இத்தாலிக்காரர்கள் வேனெல்லாம் வேண்டாம் என்று 2016இல் டி.வி. கட்டணத்தைக் கரண்ட் பில்லிலேயே சேர்த்துவிட்டார்கள். ஏய்த்தவர்களும் கட்ட வேண்டி வந்ததால், முந்தைய ஆண்டு 113.50 யூரோவாக இருந்த கட்டணம் 100 ஆக இறங்கியது. கட்டணம் குறைந்தது, மொத்த வசூலோ ஏறியது! தென்கொரியா இந்த வித்தையை 1994லேயே செய்துவிட்டது. அங்கே மாதக் கட்டணம் 2,500 வோன் என்று முடிவானது 1981இல். அதன் பிறகு அது ஏறவே இல்லை!

ஜெர்மனி ஒரு படி மேலே போனது. 2013 முதல் வீடு இருந்தால் கட்டணம் உண்டு, அவ்வளவுதான். 'எங்கள் வீட்டில் டி.வி.யே இல்லை' என்ற சமாதானம் செல்லாது.

ஜப்பானில் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆட்கள் கட்டணம் கேட்டு வீடு வீடாக வந்து கதவைத் தட்டியது அவ்வளவு பிரசித்தம். அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி முளைத்தது. ஆரம்பித்தவர் யார் தெரியுமா? அதே என்.எச்.கே.வில் வேலை பார்த்தவர்! 2019இல் அந்தக் கட்சி நாடாளுமன்ற மேலவையில் ஓர் இடத்தையும் பிடித்தது. சுவிட்சர்லாந்திலோ நேர் எதிர். கட்டணத்தையே ஒழித்துவிடலாமா என்று 2018 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 71 பேருக்கு மேல் 'வேண்டாம், நாங்களே கட்டுகிறோம்' என்றார்கள்! நம்ப முடிகிறதா?

நம் கதைக்கு வருவோம். 1927இல் தனியார் நிறுவனமான இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலி தொடங்கியது. ஆண்டு லைசென்ஸ் 10 ரூபாய். அன்றைக்கு அது சாமானியன் கைக்கு எட்டாத தொகை. 1929 முடிவில்கூட நாடு முழுவதும் லைசென்ஸ் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தொடவில்லை. 1930இல் கம்பெனி திவால்! அதே ஆண்டு, காசில்லாமல் நின்றுபோன ஒரு வானொலி மன்றத்தின் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒலிபரப்பத் தொடங்கியது, தெரியுமா? 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை, குப்பை அள்ளிய மாநகராட்சிதான் கச்சேரியும் கேட்கவைத்தது!

பிறகு வந்ததுதான் பெரிய வேடிக்கை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போனது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? தபால் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டி இந்திய அரசுக்குப் பணம் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து சிலோன் ரேடியோவைத் திருப்பினார்கள்! காசு டெல்லிக்கு, காது கொழும்புக்கு. அந்தக் கொழும்பு வர்த்தக ஒலிபரப்பு ஓடியதோ, இந்தியக் கம்பெனிகளும் கொட்டிக் கொடுத்த விளம்பரப் பணத்தில்!

டெல்லி விழித்துக்கொண்டு 1957இல் விவித பாரதியைத் தொடங்கியது. 1967இல் அதில் விளம்பரமும் வந்தது, 1976இல் தூர்தர்ஷனிலும் வந்தது. 1985இல் ரேடியோ, டி.வி. லைசென்ஸ் இரண்டுமே போயின. அப்புறம் தபால் ஆபீஸ் வரிசை கிடையாது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி, விளம்பர வருமானத்தில் மட்டும் சம்பளம் போட்டுவிட முடியாது. அதற்கான மானியம் ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து போகிறது. டி.வி.யே இல்லாதவர் கட்டுகிற வரியும் அதில் சேர்த்திதான், ஜெர்மனியைப் போலவே!