புளிப்பின் கணக்கு

தக்காளியை ஊறப்போடுவது எளிய வேலைதான். ஆனால் வினிகர் பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டைக்கு எதிரே நீண்டு கிடக்கிறது சாலைத் தெரு. ஆ. மாதவன் அங்கேயே பாத்திரக்கடை நடத்திக்கொண்டு, தன் கதைகளில் ஆயுள் முழுக்க எழுதிய அதே கடைத்தெருதான். அங்கே குவியும் தக்காளியில் பெரும்பகுதி மலைக்கு இந்தப் பக்கம் விளைவதில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி ஏறி வருகிறது. கேரளத்தின் ஈரமான, அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் தக்காளிச் செடியைப் பாக்டீரியா வாடல் நோய் சாய்த்துவிடும். நோயைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா போன்ற ரகங்களைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. தலைநகரை ஒட்டிய வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் பங்குக்கு 'வெள்ளாயணி விஜய்' உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு இவை சரி. ஊர்ப் பசிக்கு லாரிதான்.

லாரி தாமதமானால் விலை எகிறும். 2021 நவம்பரில் கேரளச் சந்தைகளில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, மாநில அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனம் தென்காசி விவசாயிகளிடமே நேரடியாகக் காய்கறி வாங்க ஒப்பந்தம் போடும் நிலை வந்தது. 2023 ஜூலையில் நாடு முழுக்க அதே கதை. விலை விழுந்த வாரத்தில் கூடையோடு வாங்கி ஜாடியில் போட்டு வைக்கலாமே என்று இல்லத்தரசிகளுக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

காயை உப்புநீரில் போடுவது மலையாளிகளுக்குப் புதிதுமல்ல. நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி என்று கடற்கரைக் கடைகளின் கண்ணாடிப் பரணிகளில் மிதக்கும் 'உப்பிலிட்டது' அவர்களின் பலவீனங்களில் ஒன்று. தக்காளி இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி. கரமனை, வலியசாலை அக்ரகாரங்களின் தமிழ் வீடுகளுக்குத் தெரிந்தது வேறு வழி: புளியும் உப்பும் சேர்த்து, நீர் வற்றும்வரை நல்லெண்ணெயில் சுருளக் கிளறிய தொக்கு. அது கெடாமல் இருப்பதற்குக் காரணம் புளியும், உப்பும், வற்றிப்போன நீரும்தான். மேலே மிதக்கும் எண்ணெய்க்குக் கிடைக்கும் புகழில் பாதி அதற்கு உரியதல்ல.

ஏனென்றால் எண்ணெய் காற்றைத் தடுக்கும், பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் காற்றில்லாத இடத்தைத் தேடி வளரும் கிருமி ஒன்று உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்பது அதன் பெயர். அதன் நஞ்சு நரம்புகளை முடக்கி உயிரைக் குடிக்கக்கூடியது. அதைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருப்பது புளிப்பு. பி.எச். அளவு 4.6-க்கு மேல் போகாமல் இருக்கவேண்டும். சிக்கல் இங்கேதான். தக்காளியின் பி.எச். சுமார் 4.3-லிருந்து 4.9 வரை, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறது. பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். நாக்கில் பட்டவுடன் 'புளிக்கிறதே' என்று நம்பிவிட முடியாது. அமெரிக்க வேளாண் துறை, வீட்டில் டப்பாவில் அடைக்கும் தக்காளிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வது இதனால்தான். அதுவும் பாட்டிலில் விற்கும் சாறு. மரத்துக்கு மரம் எலுமிச்சையின் புளிப்பு மாறும்.

ஊறிய தக்காளியில் கெட்டிக்காரர்கள் ரஷ்யர்கள். சதகுப்பைக் கீரை, பூண்டு, செர்ரி இலையோடு முழுத் தக்காளியை வினிகரில் அடைத்து, பனிக்காலம் முழுக்கச் சாப்பிடுவார்கள். அந்தச் செய்முறையை அப்படியே இங்கே காப்பியடித்தால் வம்பு. அங்கே சாதாரண மேசை வினிகரே 9 சதவீதம். 70 சதவீத 'எசென்ஸ்' கூட உண்டு. இந்தியாவில் விதி கேட்பது குறைந்தபட்சம் 3.75 சதவீத அசெட்டிக் அமிலம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே. அவர்கள் 100 மில்லி ஊற்றும் இடத்தில் அதே புளிப்புக்கு இங்கே 225 மில்லி வேண்டும். கரண்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஜாடிக்குள் பாதிப் புளிப்புகூட இருக்காது.

குறைவது ஒரு ஆபத்து என்றால் கூடுவது இன்னொன்று. 2022 பிப்ரவரியில் கோழிக்கோடு கடற்கரையில், உப்பிலிட்டது விற்கும் கடையில் இருந்த திரவத்தைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு மாணவன் குடிக்க, அவனும் உடனிருந்தவனும் காயமடைந்தார்கள். காய் சீக்கிரம் ஊறுவதற்காக அடர் அசெட்டிக் அமிலம் கலக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. மாநகராட்சி கொஞ்ச காலம் விற்பனைக்கே தடை போட்டது. வீட்டில் அந்த அமிலத்துக்கு இடமே இல்லை.

வீட்டுக்கு ஏற்றது குளிர்பதனப் பெட்டி ஜாடி. கெட்டியான, செங்காய்ப் பருவத் தக்காளி ஒரு கிலோ. கன்றிப்போனது, வெடித்தது வேண்டாம். கழுவித் துடைத்து, காம்புக் குழியில் பல்குச்சியால் ஒரு குத்து. இல்லாவிட்டால் சூடு பட்டதும் தோல் வெடிக்கும். வினிகர் அரை லிட்டர், தண்ணீர் அரை லிட்டர். தண்ணீர் இதற்கு மேல் கூடாது. கல்லுப்பு 2 மேசைக்கரண்டி. அயோடின் தூளுப்பு போட்டால் நீர் கலங்கலாம். சர்க்கரை 2 தேக்கரண்டி, கடுகு, மிளகு, கறிவேப்பிலை, கீறிய பச்சைமிளகாய், ஆறு பல் பூண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைக்கவேண்டும்; அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். வெந்நீரில் கொதித்த கண்ணாடி ஜாடியில் தக்காளியை அடுக்கி, கொதிக்கும் நீரை அது மூழ்கும்வரை ஊற்றி, ஆறியதும் உள்ளே வைத்துவிடலாம்.

மூன்றாம் நாள் சாப்பிடலாம். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். சமையலறை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க இது ஏற்றதல்ல; திருவனந்தபுரத்தின் வெக்கையில் நிச்சயம் கூடாது. மிஞ்சிய நீரில் அடுத்த கிலோவைப் போடும் சிக்கனமும் வேண்டாம். முதல் தக்காளி விட்ட தண்ணீரில் வினிகர் ஏற்கெனவே நீர்த்துப்போயிருக்கும். அந்த நீரில் இரண்டு கரண்டி எடுத்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தில் ஊற்றினால் கப்பைக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள ஆயிற்று.