மக்கா – மதீனா: எத்தனை தூரம்?

ஹஜ், உம்ராப் பயணத்திற்கு ஆயத்தமாகும் நம் இல்லங்களில் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு: "மக்காவுக்கும் மதீனாவுக்கும் எத்தனை கிலோமீட்டர்?" ஒருவர் ஏறத்தாழ 340 என்பார், மற்றவர் 450 என்பார். இருவர் கூற்றும் சரியே. முன்னது வான்வழித் தூரம். பின்னது தரைவழித் தூரம்.

ஏறத்தாழ 110 கி.மீ. வரும் இந்த வேறுபாடு எப்படி வந்தது? நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மதீனாவின் தெற்கே தொடங்கி மக்காவின் திசையில் ஏறத்தாழ 300 கி.மீ. நீளத்திற்கு, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளி கிடக்கிறது. 'ஹர்ரத் ரஹத்' என்பது அதன் பெயர். அருகே ஹிஜாஸ் மலைகள். பறவை இவற்றின் மேலே பறந்துவிடும். சாலையோ மேற்கே ஒதுங்கி வளைந்துதான் செல்ல வேண்டும்.

செல்லும் வழியைப் பொறுத்தே தூரம் அமையும் என்பதற்கு ஹிஜ்ரத்தே சான்று. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வடக்கிலுள்ள மதீனாவுக்குப் புறப்பட்டபோது, முதலில் தெற்கிலுள்ள தவ்ர் குகைக்கே சென்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுடன் மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். பின்னர் வழிகாட்டியான அப்துல்லாஹ் இப்னு உரைகித், மக்கள் அதிகம் நடமாடாத பாதையில் அழைத்துச் சென்றார். பாதுகாப்பின் பொருட்டு நீண்ட வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

"விமானத்தில் போனால் விரைவாகப் போய்விடலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். மக்காவில் பயணிகள் விமான நிலையம் இல்லை. ஜித்தா விமான நிலையத்திற்குச் சாலை வழியே ஏறத்தாழ 100 கி.மீ. செல்ல வேண்டும், முன்னதாகவே சென்று காத்திருக்கவும் வேண்டும். வானில் பறப்பது ஒரு மணி நேரமே. ஆயினும் எல்லாவற்றையும் கூட்டினால், ஐந்தாறு மணி நேரம் ஓடும் பேருந்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. 2018இல் தொடங்கிய ஹரமைன் விரைவு ரயிலோ, மணிக்கு 300 கி.மீ. வரை விரைந்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது.

வழி மாறினால் கடமையைப் பேணும் முறையிலும் கவனம் தேவை. மதீனாவிலிருந்து உம்ராவுக்காக மக்கா திரும்புவோரின் எல்லை துல்ஹுலைஃபா. பேருந்தில் வருவோர் அங்கே இறங்கி இஹ்ராம் கட்டலாம். ரயிலும் விமானமும் அங்கே நிற்பதில்லை. ஆகவே அவற்றில் வருவோர் இஹ்ராம் உடையைத் தங்குமிடத்திலேயே அணிந்துகொண்டு, எல்லையைக் கடக்குமுன் நிய்யத் செய்துவிட வேண்டும்.

எனவே, வயது முதிர்ந்த பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளே! கிலோமீட்டரை மட்டும் கேட்டு அமைந்துவிடாதீர்கள். எந்த வாகனம், வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம், எங்கெங்கே ஏறி இறங்க வேண்டும், தொழுகைக்கும் ஓய்வுக்கும் எங்கே நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். முழங்கால் வலியுடன் பயணம் செய்யும் தாய்க்கு, ஒருமுறை கூடுதலாக ஏறி இறங்குவதே நெடுந்தூரம்தான்.

அல்லாஹ் அவர்களின் பயணத்தை எளிதாக்கி வைப்பானாக!