காணொளியைத் தெளிவாக்கும் வடிகட்டி

இணையவழிப் பாடம் கேட்பதும், தொலைவில் வாழும் உறவினரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும், விளையாட்டுப் போட்டிகளை நேரலையில் காண்பதும் இன்று அன்றாட நிகழ்வுகளாகிவிட்டன. ஆனால், சில வேளைகளில் திரையில் தெரியும் முகம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்து தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றைக் குறைக்கப் பொறியாளர்கள் கையாளும் வழி என்ன?

காணொளி என்பது அடுத்தடுத்து விரைவாகக் காட்டப்படும் நிலைப்படங்களின் தொகுப்பாகும். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 2 மில்லியனுக்கும் அதிகமான படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க 3 பைட் தேவை என்று கொண்டால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 30 படங்கள் எனில், ஒரு நிமிடக் காணொளிக்கு மட்டும் ஏறத்தாழ 11 ஜிகாபைட் வேண்டும். இவ்வளவு தரவையும் அப்படியே அனுப்ப முடியாது என்பதால்தான் காணொளி சுருக்கப்படுகிறது.

சுருக்கும்போது ஒவ்வொரு படமும் பல சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். முந்தைய படத்தில் இருந்ததே மீண்டும் வந்தால், அதைத் திரும்ப அனுப்பாமல் மாற்றங்கள் மட்டும் அனுப்பப்படும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்கள் கைவிடப்படும். எஞ்சிய மதிப்புகள் தோராயமாக்கப்படும். இவ்வாறு ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே தோராயமாக்கப்படுவதால், அருகருகே உள்ள கட்டங்களின் நிறம் சரியாகப் பொருந்தாமல் போகிறது. நீல வானம் ஒரே சீராக இருந்தாலும், திரையில் அது ஓடுகள் பதித்த தரைபோல் காட்சியளிக்கிறது. சுருக்கும் அளவு கூடக் கூட இக்குறையும் கூடுகிறது.

படம் முழுவதையும் சற்று மங்கலாக்கினால் கட்டங்களின் கோடுகள் மறைந்துவிடும். ஆனால், அதனால் வேறொரு சிக்கல் எழுகிறது. ஆசிரியர் வெண்பலகையில் 3.5 என்று எழுதியிருந்தால், இடையிலுள்ள புள்ளி மங்கி 35 போலத் தெரியக்கூடும். தமிழ் எழுத்துகளின் மேலுள்ள புள்ளி மங்கினால், ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். குறையை நீக்கும் முயற்சியில் தேவையான செய்தியும் அழிந்துவிடும்.

இதற்குத் தீர்வாக அமைவதே தகவமைப்பு வடிகட்டி. பருத்திச் சட்டையைத் தேய்க்கும் அதே சூட்டில் பட்டுச் சேலையைத் தேய்த்தால் சேலை பாழாகிவிடும். துணிக்கேற்பச் சூட்டைக் கூட்டிக் குறைப்பதுபோல, படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்பத் தன் வன்மையை மாற்றிக்கொள்வதே இவ்வடிகட்டியின் சிறப்பு.

2003ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட எச்.264 எனும் அனைத்துலகக் காணொளித் தரத்தில் இத்தகைய வடிகட்டி இடம்பெற்றுள்ளது. இரு கட்டங்கள் சந்திக்கும் எல்லைக்கு 0 முதல் 4 வரை ஒரு வன்மை எண் வழங்கப்படுகிறது. 0 எனில் வடிகட்டி அந்த எல்லையைத் தொடாது. 4 எனில் மிக வலுவாகச் செயல்படும். அத்துடன், எல்லையின் இரு பக்கத்துப் புள்ளிகளும் ஒப்பிடப்படுகின்றன. ஒரு புள்ளியின் ஒளி அளவு 100, அடுத்ததன் அளவு 106 எனில், அச்சிறு வேறுபாடு பெரும்பாலும் சுருக்கத்தால் வந்ததாகவே இருக்கும். எனவே, அது சமன்செய்யப்படும். ஒன்று 60, மற்றொன்று 200 எனில், அது ஒரு பொருளின் உண்மையான விளிம்பாக இருக்கும். எனவே, அது அப்படியே விடப்படும். எவ்வளவு வேறுபாடு வரை சமன்செய்யலாம் என்பதும் நிலையானதன்று. படம் கடுமையாகச் சுருக்கப்பட்டிருந்தால், அந்த வரம்பும் உயரும்.

இவ்வடிகட்டி செயல்படும் கட்டமும் முக்கியமானது. ஒரு படத்தைப் பார்த்தே அடுத்த படம் உருவாக்கப்படுவதால், முதற்படத்தில் உள்ள பிழை பின்வரும் படங்களுக்கும் பரவும். ஆகவே, ஒரு படம் மற்றொன்றுக்கு முன்மாதிரியாகும் முன்னரே வடிகட்டப்படுகிறது. முளையிலேயே களையைக் கிள்ளுவதற்கு இது ஒப்பாகும்.

பின்னர் வந்த தரங்கள் இம்முறையை மேலும் வளர்த்தன. 2013இல் ஏற்கப்பட்ட எச்.265இல் மற்றொரு வடிகட்டி சேர்க்கப்பட்டது. ஒரு புள்ளி தன் இரு பக்கத்துப் புள்ளிகளையும்விடத் தாழ்ந்து பள்ளம்போல் இருந்தால், அதன் மதிப்பைச் சற்று உயர்த்தலாம். மேடுபோல் இருந்தால் சற்றுக் குறைக்கலாம். 2020இல் ஏற்கப்பட்ட எச்.266இலோ, படத்தின் ஒளிப்பகுதி நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கோடுகளின் திசைக்கும் நுணுக்கத்தின் அளவுக்கும் ஏற்ப 25 வகைகளாக வகைப்படுத்தப்படுகிறது. காணொளியைச் சுருக்கும் கருவியிடம் மூலப்படம் இருப்பதால், அதனுடன் ஒப்பிட்டு ஒவ்வொரு வகைக்கும் பொருத்தமான வடிகட்டியைக் கணக்கிட்டு அனுப்ப முடிகிறது.

எனினும், வடிகட்டிகளுக்கும் எல்லை உண்டு. சுருக்கத்தின்போது முற்றிலும் இழந்த நுணுக்கத்தை அவற்றால் முழுமையாக மீட்க முடியாது. கணக்கீடுகள் கூடும்போது கைப்பேசியின் மின்கலமும் விரைவில் தீர்ந்துபோகும். எனவே, படத்தின் தரம், தரவின் அளவு, கணக்கீட்டுச் சுமை ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தே பொறியாளர்கள் முடிவெடுக்கின்றனர்.

சிறந்த வடிகட்டி இருந்தால், குறைந்த தரவிலும் தெளிவான படத்தைத் தர முடியும். இதனால் பெரும்பயன் அடைபவர்கள் இணைய வேகம் குறைந்த இடங்களில் வாழ்வோரே. வெண்பலகையிலுள்ள ஒரு சிறு புள்ளி அங்குள்ள மாணவரின் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை வடிகட்டி சரியாகக் கணிக்க வேண்டும்.